காணாமல் போன குதிரைகள்

1968 செப்டம்பரில் ஜாகுவார் எக்ஸ்ஜே6 வெளியானபோது, அதன் 4.2 லிட்டர் எஞ்சினுக்கு 245 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்து அதே எஞ்சினை டிஐஎன் என்ற ஐரோப்பிய முறையில் அளந்து எழுதியபோது, எண் 170-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய வண்டிகளில் இன்னும் கொஞ்சம் குறைவு. அங்கே இன்று ஒரு பழைய எக்ஸ்ஜே6-ஐ ஆசைப்பட்டு வாங்குகிறவர் இந்த இரண்டு எண்களையும் எப்படியும் எங்கேயாவது பார்த்துவிடுவார். அதன்பின் நிம்மதி போய்விடும். எழுபது குதிரைகள் எங்கே? சந்தேகம் இரண்டு பேர் மேல் விழுகிறது: காற்றை உள்ளே விடும் கார்புரேட்டர், புகையை வெளியே விடும் சைலன்சர். இரண்டையும் மாற்றினால் குதிரைகள் லாயத்துக்குத் திரும்பிவிடும் என்று பணத்தை எடுத்து வைக்கிறார்.

எடுத்து வைக்கும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

அந்த எழுபதில் பெரும்பகுதி எந்தக் காலத்திலும் காரில் இருந்ததே இல்லை. 1960களில் திறனை அளந்த முறை அப்படி. எஞ்சினைத் தனியே கழற்றி டைனமோமீட்டரில் ஏற்றுவார்கள். ஏர் ஃபில்டர், விசிறி, ஆல்டர்னேட்டர், காரின் சொந்த சைலன்சர் எதுவும் கூட இருக்காது. கார்புரேட்டரையும் இக்னிஷனையும் அந்த ஒரு நாளுக்காகவே திருத்தி வைப்பார்கள். இப்படிக் கிடைப்பது ‘கிராஸ்’ எண். எல்லா உறுப்புகளையும் மாட்டி, காரில் ஓடும் நிலையிலேயே அளந்தால் கிடைப்பது ‘நெட்’. 1972 மாடல்களிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் நெட் எண்ணுக்கு மாறின. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமலே பல கார்கள் ஒரே இரவில் மெலிந்து போயின. விளம்பரத்துறையில் பிறந்த குதிரைகளை எந்த மெக்கானிக்காலும் மீட்டுத்தர முடியாது.

மீதி இழப்பு நிஜம். அதன் ஆரம்பம் லாஸ் ஏஞ்சலஸில். கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், அந்த நகரத்தின் கண்ணெரியும் புகைமூட்டத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கைகாட்டப்பட்ட குற்றவாளி கார். 1968 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதற்கும் புகை வரம்புகள் வந்தன. கணினியும் ஊசித்தெளிப்பும் பரவலாகாத அந்த நாளில் பொறியாளர்கள் கையில் இருந்தவை மூன்று வழிகள்: பெட்ரோலைக் குறைத்துக் கலவையை மெலிதாக்குவது, தீப்பொறியைத் தாமதப்படுத்துவது, வெளியேறும் சூடான புகைக்குள் பம்ப் வைத்துக் காற்றை ஊதுவது. தீப்பொறி தாமதமானால் எரிதலின் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் வீணாகி, அந்த வெப்பம் புகைக்குழாய்க்குப் போகும். அங்கே மிச்ச ஹைட்ரோகார்பன் எரிந்துபோகும் என்பதுதான் திட்டம். புகை குறைந்தது. இழுவையும் குறைந்தது.

ஜாகுவார் இதற்காகச் செய்த இன்னொரு மாற்றம்தான் எல்லார் கண்ணிலும் பட்டது. இங்கிலாந்து வண்டிகளில் இருந்த இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களை எடுத்துவிட்டு, அமெரிக்க வண்டிகளில் இரட்டை ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் வைத்தார்கள். எஸ்யூ 2 அங்குல வாய். ஸ்ட்ராம்பெர்க் 1.75 அங்குலம். மூச்சுக்குழலைச் சுருக்கிவிட்டார்கள், பழையபடி எஸ்யூவை மாட்டு என்பதே அங்கே இன்றும் முதல் யோசனை.

எஸ்யூ ஓர் அழகான பொறி. அம்பாசடரின் ஆரம்பகால மாடல்களில் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த மணி வடிவ அலுமினிய மூடி நினைவிருக்கும். அதன் தாய்வடிவத்துக்கு 1905-இல் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்கின்னர் குடும்பத்துக்குக் காலணி வியாபாரம். முதல் எஸ்யூவில் இப்போதுள்ள பிஸ்டனுக்குப் பதில் ஒரு தோல் துருத்தி இருந்ததில் ஆச்சரியமில்லை.

கார்புரேட்டருக்கு வைக்கப்படும் சோதனை கடினமானது. 4.2 லிட்டர் எஞ்சின் ஐடிலிங்கில் குடிக்கும் காற்றைவிட, நிமிடத்துக்கு 5,000 சுற்றில் முழு ஆக்ஸிலரேட்டரில் குடிக்கும் காற்று ஏறக்குறைய இருபது மடங்கு. இந்த இடைவெளி முழுவதும் பெட்ரோல் அதே விகிதத்தில் பின்தொடர வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. நல்ல இழுவைக்கு 12.5 முதல் 13 வரை. 16-க்கு மேல் போனால் எஞ்சின் முனக ஆரம்பிக்கும்.

சாதாரண கார்புரேட்டரில் காற்று போகும் தொண்டையின் அளவு நிலையானது. காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, அந்த உறிஞ்சலில் ஜெட் வழியே பெட்ரோல் மேலே வரும். மெதுவாகப் போகும்போது உறிஞ்சலே போதாது. அதனால் ஐடிலிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், திடீரென மிதித்தால் பீய்ச்ச ஒரு பம்ப் என்று துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஸ்கின்னர் கேள்வியையே திருப்பிப் போட்டார். காற்றின் அளவுக்கேற்பத் தொண்டையே விரிந்து சுருங்கினால்? எஸ்யூவில் தொண்டையின் கூரை ஒரு பிஸ்டன். எஞ்சின் இழுக்கும் உறிஞ்சல் பிஸ்டனுக்கு மேலேயுள்ள மணிக்கூட்டுக்குள் போய் அதைத் தூக்குகிறது. காற்று அதிகமானால் பிஸ்டன் உயரும், தொண்டை அகலும். ஆகவே ஜெட்டைக் கடக்கும் காற்றின் வேகமும் உறிஞ்சலும் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பிஸ்டனின் எடையும் மேலிருந்து அழுத்தும் மெல்லிய ஸ்பிரிங்கும் சேர்ந்து அந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

உறிஞ்சல் மாறாது என்றால் பெட்ரோல் எப்படிக் கூடும்? பிஸ்டனின் அடியில் கூம்பாகச் சீவிய ஊசி ஒன்று தொங்குகிறது. மெக்கானிக்குகள் நீடில் என்பார்கள். பிஸ்டன் உயர உயர ஊசியின் ஒல்லியான பகுதி ஜெட்டுக்குள் வந்து நிற்கும், சுற்றியுள்ள இடைவெளி பெரிதாகும், பெட்ரோல் கூடும். இந்தக் காரின் ஒட்டுமொத்தக் குணமும் அந்தக் கூம்பில் எழுதியிருக்கிறது. 2 அங்குல எஸ்யூவின் ஜெட் துளை 0.125 அங்குலம், அதாவது 3.175 மில்லிமீட்டர். ஏதோ ஓர் உயரத்தில் ஊசியின் தடிமன் 2.54 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.025 மில்லிமீட்டரைச் சீவினால், தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு 3.5 விழுக்காடு கூடிவிடும். எம்ரி தாளை வைத்து ஊசியைத் ‘தேய்த்துக் கொடுக்கிற’ ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் விளையாடுவது இந்த 0.025 மில்லிமீட்டரோடு.

மணிக்கூட்டின் நடுவே சிறிது எண்ணெய் ஊற்றியிருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதித்தால் எண்ணெய் பிஸ்டனை ஒரு கணம் பிடித்துவைக்கும். அந்தக் கணத்தில் தொண்டை குறுகலாகவே இருப்பதால் உறிஞ்சல் எகிறி, பெட்ரோல் கூடுதலாக வரும். பிக்கப்புக்கான தனி பம்ப் இல்லை. எண்ணெய் வற்றிப்போன எஸ்யூ மிதித்ததும் தடுமாறுவது இதனால்தான்.

ஸ்ட்ராம்பெர்க்கைக் கழற்றத் துடிப்பவர் கவனிக்கத் தவறும் இடம் இது. தத்துவத்தில் ஸ்ட்ராம்பெர்க்கும் எஸ்யூவும் ஒன்றுதான்: அதே உயரும் பிஸ்டன், அதே கூம்பு ஊசி. இறுக்கமாகக் கடைந்த பிஸ்டன் தட்டுக்குப் பதிலாக ஒரு ரப்பர் டயஃப்ரம், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். பைக்குகளில் சிவி கார்புரேட்டர் என்று நாம் பார்த்ததும் இதே இனம். அப்படியானால் கால் அங்குல வாய் வித்தியாசத்துக்கு என்ன விலை? 5,000 சுற்றில் இந்த எஞ்சின் நொடிக்கு சுமார் 150 லிட்டர் காற்றை இழுக்கும், கார்புரேட்டருக்கு 75. ஸ்ட்ராம்பெர்க்கின் வாயில் அது நொடிக்கு 48 மீட்டர் வேகம், எஸ்யூவில் 37. இந்த வேக வேறுபாட்டால் வரும் அழுத்த வேறுபாடு, சராசரிக் கணக்கில், வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. காற்று சீராக ஓடாமல் துடித்துத் துடித்து வருவதால் உண்மையில் இழப்பு இதைவிடக் கூடும் என்றாலும் எழுபது குதிரை தேறாது. இதுவும் பிஸ்டன் உச்சிக்கு ஏறி முட்டி நிற்கும் வேகத்தில்தான். அதற்குக் கீழே, 2,000 சுற்றில், பிஸ்டன் எந்தக் கார்புரேட்டரிலும் பாதி உயரத்தில்தான் மிதக்கிறது. வாய் எவ்வளவு அகலம் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. தானியங்கி கியரோடு, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சொகுசுக் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த 2,000 சுற்றை ஒட்டித்தான்.

பிறகு ஏன் மாற்றியவர்கள் எல்லாரும் கார் உயிர்பெற்றது என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. எஸ்யூவோடு கூடவே கொஞ்சம் தாராளமான ஊசி வருகிறது. மாட்டுகிறவர் அப்படியே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, தாமதமாயிருந்த தீப்பொறியை முன்னே கொண்டுவருகிறார். ஐம்பது வருஷம் உழைத்து விறைத்துப்போன டயஃப்ரம் குப்பைக்குப் போகிறது. அது பெரும்பாலும் ஏற்கெனவே கிழிந்திருக்கும். கிழிந்தால் உறிஞ்சல் ஒழுகிவிடும், பிஸ்டன் உயராது, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி இழுக்கவே இழுக்காது. இந்த மூன்றும் செய்த வேலைக்கு மாலை விழுவது எஸ்யூவின் கழுத்தில்.

தாராளமான ஊசிக்கு இன்று இன்னொரு நியாயமும் உண்டு. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைக்கும் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது முழுதாக எரிய கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். கலந்த பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் 14.7-லிருந்து சுமார் 14.1-க்கு இறங்குகிறது. ஏற்கெனவே மெலிதாக வைக்கப்பட்ட கலவை, ஒரு ஸ்க்ரூவையும் தொடாமல் 4 விழுக்காடு இன்னும் மெலிந்துவிட்டது. மேலே பார்த்த அந்த 0.025 மில்லிமீட்டர் ஈடுகட்டுவது ஏறத்தாழ இதைத்தான். நம்மூரில் இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலுக்கு விகிதம் 13.5-ஐ ஒட்டி வரும். பழைய அம்பாசடரையும் பியட்டையும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஊசியையும் ஜெட்டையும் பற்றி யோசிக்கக் காரணம் இருக்கிறது.

இனி புகைக்குழாய். இங்கேதான் ஜாகுவார்க்காரர்களின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குத் தலைவணங்க வேண்டும். எக்ஸ்கே என்ற இந்தக் குடும்பத்தை வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி மூவரும் போர்க்கால கோவென்ட்ரியில், தீக்காவல் இரவுகளில் உட்கார்ந்து திட்டமிட்டார்கள். சிலிண்டர் தலையின் காற்று வழிகளைச் செதுக்கியவர் ஹாரி வெஸ்லேக். 1948-இல் எக்ஸ்கே120 காரில் உலகம் அதைப் பார்த்தது. ஒரு பக்கம் காற்று நுழைந்து எதிர்ப்பக்கம் புகை வெளியேறும். அந்த எதிர்ப்பக்கத்தில் இரண்டு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள்: முன் மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. இது வெறும் வசதிக்காகச் செய்த பங்கீடு மாதிரி தெரியும். சிலிண்டர்கள் எரியும் வரிசையைப் பாருங்கள்: 1-5-3-6-2-4. ஒரு மேனிஃபோல்டின் மூன்றில் 1, 3, 2 என்று ஒன்று விட்டு ஒன்றாக முறை வருகிறது. கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றில், அதாவது 720 டிகிரியில், ஒரு குழாய்க்குள் சரியாக 240 டிகிரிக்கு ஒரு வீச்சு. புகை வால்வு திறந்திருக்கும் காலம் சுமார் 255 டிகிரி. ஆகவே ஒரு சிலிண்டர் புகையை விட்டு முடிக்கும் தறுவாயில்தான் அடுத்தது தொடங்குகிறது. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால் போல, ஒருவர் மடை இன்னொருவர் மடையில் அநேகமாக மோதுவதில்லை. நான்கு சிலிண்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் நீளநீளமான ஹெடர் குழாய்களை வளைத்து வளைத்துச் சாதிக்கப் பாடுபடும் காரியத்தில் பாதி, இங்கே ஒரு குட்டை வார்ப்பிரும்பில் இலவசமாகவே நடந்துவிடுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விலையுயர்ந்த ஹெடர் வைப்பவருக்குப் பெரிய லாபம் கிடைக்காததில் வியப்பில்லை.

‘பேக் பிரஷர் இல்லேன்னா வண்டி இழுக்காது சார்’ என்று புல்லட் சைலன்சர் மாற்றும் கடையில் கேட்டிருப்பீர்கள். டெட்ராய்ட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தம் தேவையில்லை, புகையைத் தள்ள அது பிஸ்டனைத்தான் வேலை வாங்கும். ஆனால் சொல்பவர் பார்த்த நிகழ்ச்சி உண்மை: அகலக் குழாய் மாட்டியதும் கீழ் வேகத்தில் இழுவை செத்துப்போகிறது. அதன் காரணம் அலை. வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடும். அந்த வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 580 மீட்டர். குழாய் திடீரென அகலும் இடத்தில் அலை பிரதிபலித்து, இம்முறை தாழ்வழுத்த அலையாகத் திரும்பும். உள்வால்வும் புகைவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி, புதுக்கலவையை உள்ளே இழுக்கும். 3,000 சுற்றில் அந்த இடைவேளை இரண்டு மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் அலை ஒரு மீட்டர் தூரமே போகும். 4,500 சுற்றுக்குப் பொருந்திய குழாய் நீளம் 2,000-இல் தப்பும் நேரத்தில் அலையைத் திருப்பி அனுப்பும். குழாய் அகலமானால் புகையின் வேகமும் அலையின் வீரியமும் குறையும். கெட்டது அலையின் கணக்கு. பழி மட்டும் பேக் பிரஷருக்கு.

உண்மையில் பலர் சைலன்சரை மாற்றுவது குதிரைக்காக அல்ல, துருவுக்காக. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கடைத்தெருவுக்குப் போய்வரும் குட்டிப் பயணங்களில் குழாய் சூடேறி அதை உலர்த்துவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். தங்கும் நீர் உள்ளிருந்து அரிக்கும். இதற்கு ஸ்டெயின்லெஸ் குழாய் நல்ல விடை. தவறு நடப்பது, ‘மாற்றுவதோடு மாற்றுவோம்’ என்று அறைகள் உள்ள சைலன்சரை எடுத்துவிட்டு, கண்ணாடி இழை சுற்றிய நேர்க்குழாய் வகையை வைக்கும்போது. கண்ணாடி இழை கீச்சொலியை விழுங்கும், அடிக்குரலைத் தொடாது. அடிக்குரலைக் கொல்பவை அறைகள்தான். அவை அலையை அலையோடு மோதவிட்டு அணைக்கின்றன.

அடிக்குரல் ஏன் அவ்வளவு முக்கியம்? நீண்ட சாலையில் 3,000 சுற்றில் போகிறீர்கள். நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு குழாயிலும் சுற்றுக்கு ஒன்றரை வீச்சு, ஆக 75 ஹெர்ட்ஸ். மூடிய காரின் உட்கூடு இரண்டேகால் மீட்டர் நீளம் என்று கொண்டால், அதற்குள் காற்று தானாக அதிரும் அடிப்படை அதிர்வெண்ணும் 75 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வருகிறது. ஊருக்குள் கேட்கக் கம்பீரமாயிருந்த உறுமல், நெடுஞ்சாலையில் ஏறியதும் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியை இறக்கினால் போகும், ஏற்றினால் வரும். எக்ஸ்ஜே6-ஐப் பற்றி எழுதியவர்கள் முதன்முதலாகப் பாராட்டியதே அதன் நிசப்தத்தைத்தான். ஐந்து குதிரைக்காக அதை விற்பது எனக்கு நல்ல பேரமாகப் படவில்லை. விற்றாகிவிட்டது என்றால் மருந்து உண்டு. முன்குழாய்கள் இரண்டையும் குறுக்கே ஒரு குழாயால் இணைத்தால் இரண்டு பக்க வீச்சுகளும் கலந்து, 75 ஹெர்ட்ஸ் அடங்கி 150 மேலோங்கும். அல்லது ஒரு முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை, அலைநீளத்தில் கால் பங்கு நீளத்துக்கு, பக்கவாட்டில் பற்றவைக்கலாம். இந்த அதிர்வெண்ணுக்கு அது, புகையின் வெப்பத்தைப் பொறுத்து, ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வரும். காரின் அடியில் அதற்கு இடம் கண்டுபிடிப்பது தனிக் கலை.

என் கையில் விட்டால் வேலையை இந்த வரிசையில் செய்வேன். முதலில் ஸ்ட்ராம்பெர்க்கின் டயஃப்ரம், எண்ணெய். பிறகு தீப்பொறி நேரம். பிறகு புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சருக்கு இடம் பற்றவைப்பது. 1976-இல் வால்வோ காரில் முதன்முதலாக வந்த போஷ் லாம்டா சென்சரின் வாரிசுகள் இன்று டாஷ்போர்டில் வைக்கும் சிறு கருவியாகவே கிடைக்கின்றன. எந்த வேகத்தில் கலவை மெலிகிறது, எங்கே தடிக்கிறது என்று எண்ணாகவே காட்டிவிடும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது, எஸ்யூவின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கி எஞ்சின் சுற்று ஏறுகிறதா சாகிறதா என்று கவனிப்பது, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டர்களின் சீறலையும் ஒப்பிடுவது ஆகிய பழைய வித்தைகள் ஐடிலிங்கோடு நின்றுவிடும். சென்சர் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி. ஊசியும் போதாவிட்டால்தான் எஸ்யூ. 1975-க்குப் பிந்திய வண்டி கலிபோர்னியாவில் இருந்தால் அதுவும் கிடையாது. இரண்டாண்டுக்கொரு முறை புகைச் சோதனைக்குப் போகும்போது தொழிற்சாலை வைத்த கருவிகள் அத்தனையும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். 1975 வரையிலான வண்டிகளுக்குத்தான் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு.

ஜாகுவார் தன் கையாலேயே இந்த எஞ்சினுக்கு மூச்சு கொடுத்தது 1970களின் கடைசியில். கார்புரேட்டரை விட்டுவிட்டு போஷ் எல்-ஜெட்ரானிக் ஊசித்தெளிப்பும் பெரிய உள்வால்வுகளும் வைத்தார்கள். இங்கிலாந்தில் திறன் 200-ஐத் தொட்டது, இம்முறை நேர்மையான அளவையில். ஆனால் அதே 4.2 எஞ்சினைச் சுமந்த டைம்லர் டிஎஸ்420 என்ற நீளமான லிமோசின், அரச குடும்பத்துக்கும் சவ ஊர்வலங்களுக்கும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கார், 1992-இல் உற்பத்தி நிற்கும்வரை இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களோடேயே வந்தது.